மேடைக்கு ஒரு பாட்டைத் தயார் செய்வது: புதிதாகக் கிட்டார் வாசிப்பவர்களுக்கு

கிட்டார் கற்கத் தொடங்கிக் கொஞ்ச காலம் ஆன பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். வீட்டில் போனில் பாட்டை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசித்தால் எல்லாம் சரியாக வரும். கல்லூரி விழாவுக்கோ, அலுவலக ஆண்டு விழாவுக்கோ, சர்ச்சில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கோ பெயர் கொடுத்துவிட்டு முதல் ஒத்திகைக்குப் போனால் அதே பாட்டு கைக்கு வராது. பாடகர் சரணத்துக்குள் போயிருப்பார், நாம் இன்னும் இடையிசையை முடித்திருக்க மாட்டோம். இல்லையென்றால் அவர் "எனக்கு இது ரொம்ப மேல இருக்கு, கொஞ்சம் இறக்க முடியுமா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் மனப்பாடம் செய்த கார்டுகள் அத்தனையும் கைவிட்டுப் போகும்.

இதற்குத் திறமை போதாது என்று அர்த்தம் கிடையாது. பதிவோடு சேர்ந்து வாசிக்கும்போது பாதி வேலையை அந்தப் பதிவே பார்த்துக்கொள்கிறது. எப்போது சரணம் வரும், எவ்வளவு வேகம், எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சுருதி என்பதையெல்லாம் நொடிக்கு நொடி காதில் சொல்லிக்கொண்டே வருகிறது. நம் விரல்கள் அதன் பின்னால் போகின்றன. மேடையில் அந்தப் பதிவு இருக்காது. பாடகர் நம்மை நம்பித்தான் பாட ஆரம்பிப்பார். பாட்டைத் தயார் செய்வது என்றால், பதிவு செய்துகொண்டிருந்த அந்தப் பாதி வேலையையும் நம் தலையில் ஏற்றிக்கொள்வதுதான். விரலுக்குத் தெரிந்த பாட்டு ஒரே வழியில், ஒரே வேகத்தில், தொடக்கத்திலிருந்து மட்டுமே வரும். தலைக்கும் தெரிந்த பாட்டை எந்தச் சுருதியிலும், எந்த இடத்திலிருந்தும் எடுக்கலாம்.

முதலில் பாட்டின் அமைப்பு

கிட்டாரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பாட்டை நாலைந்து முறை கேளுங்கள். கார்டு எதையும் தேட வேண்டாம். பாட்டு எத்தனை துண்டுகளாக இருக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள்.

தமிழ்த் திரைப்பாட்டுக்கு இது சுலபம், ஏனென்றால் பெரும்பாலான பாட்டுகளுக்கு ஒரு பழகிய வடிவம் இருக்கிறது. முன்னிசை, பல்லவி, சிலவற்றில் அனுபல்லவி, பிறகு முதல் இடையிசை, சரணம், மறுபடி பல்லவி, இரண்டாவது இடையிசை, இரண்டாவது சரணம், கடைசியாகப் பல்லவி. மெல்லிசைக் குழுக்களில் இடையிசையை யாரும் இடையிசை என்று சொல்வதில்லை. 'ஃபர்ஸ்ட் பிஜிஎம்', 'செகண்ட் பிஜிஎம்' என்றுதான் பேச்சு. நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

அடுத்து ஒவ்வொரு துண்டும் எத்தனை பார் என்று எண்ண வேண்டும். பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று. நான்கு எண்ணிக்கைப் பாட்டில் 'தகதிமி' என்று ஒரு முறை சொன்னால் ஒரு பார். காலால் தட்டிக்கொண்டே எண்ணுங்கள்: ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, இரண்டு-இரண்டு-மூன்று-நான்கு, மூன்று-இரண்டு-மூன்று-நான்கு. முதல் இடத்தில் வரும் எண் எத்தனையாவது பார் என்று சொல்லிக்கொண்டே போகும். வாத்தியக்காரர்கள் வாய்ப்பு வராத இடங்களில் இப்படித்தான் எண்ணிக்கொண்டு காத்திருப்பார்கள். பல்லவி எட்டு பார், பிஜிஎம் பன்னிரண்டு பார் என்று தெரிந்துவிட்டால் பாட்டின் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

எண்ணும்போது சில இடங்கள் நம்மை ஏமாற்றும். அவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். இளையராஜாவின் பாட்டுகளில் பெரும்பாலும் இரண்டு பிஜிஎம்மும் வேறு வேறாக இருக்கும். முதலாவதை மட்டும் கற்றுக்கொண்டு போனால் இரண்டாவதில் மாட்டிக்கொள்வோம். முதல் பல்லவியை இரண்டு முறை பாடுபவர், சரணம் முடிந்து வரும்போது ஒரு முறை மட்டும் பாடலாம். சரணத்தின் கடைசி வரி நேராகப் பல்லவியில் போய் விழும் இடத்தில் இசை முழுவதும் ஒரு கணம் நின்று, பாடகர் குரல் மட்டும் தனியாகக் கேட்கலாம். அந்த நிறுத்தத்தில் நாம் ஸ்ட்ரம் அடித்துக்கொண்டே இருந்தால் பாட்டின் அழகே போய்விடும்.

அதைவிட அதிகம் கவனிக்கப்படாத இடம் முடிவு. சில பதிவுகளில் பாட்டு முடியாமலே ஒலி குறைந்துகொண்டே போய் மறையும். மேடையில் அப்படி மறைய முடியாது. பல்லவி முதல் வரியை மூன்று முறை பாடி முடிப்பதா, கடைசிச் சொல்லோடு ஒரே அடியில் நிறுத்துவதா என்பதை ஒத்திகையிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். முன்னிசையில் கொஞ்சம் தடுமாறினாலும் கேட்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். முடிவில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் திணறினால் கைதட்டல் எப்போது தொடங்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரியாது.

ஒரு கிட்டார், ஒரு குரல் என்று போகிறீர்கள் என்றால் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். பதிவில் வயலின் கூட்டம் வாசித்த பதினாறு பார் இடையிசையைத் தனிக் கிட்டாரில் அப்படியே கொண்டுவர முயல வேண்டாம். நான்கு பார் அல்லது எட்டு பார் கார்டு மட்டும் அடித்துச் சரணத்துக்குப் போய்விடலாம். ஆனால் பாட்டுக்கு அடையாளமாக ஒரு சின்னக் கிட்டார் பிட்டோ, புல்லாங்குழல் பிட்டோ இருந்தால் அதை விடக்கூடாது என்பது என் கருத்து. அதைக் கேட்டதும்தான் அரங்கில் "ஓ, இந்தப் பாட்டா!" என்ற சலசலப்பு வரும். ஒரே கம்பியில், எளிமையாக வாசித்தாலும் போதும்.

கட்டை, கேப்போ, எண்கள்

இனி இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. சுருதி மாற்றம் என்ற ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மேடை பயத்தில் பெரும்பகுதி போய்விடும். அதனால் இதை நிதானமாகப் பார்ப்போம்.

நம் ஊர்ப் பாடகர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை சி-யிலிருந்து வரிசையாக எண்ணினால் வரும் கணக்கு இது. ஒரு கட்டை என்றால் சி. இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் அரைகள்: ஒன்றரை என்றால் சி ஷார்ப், இரண்டரை டி ஷார்ப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்தரை ஜி ஷார்ப், ஆறரை ஏ ஷார்ப். மூன்றரை என்று ஒன்று கிடையாது, ஏழரையும் கிடையாது. ஏனென்றால் அந்த இடங்களில் கறுப்புக் கட்டையே இல்லை.

கிட்டார்காரர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இதுதான். ஒரு கட்டையிலிருந்து இரண்டுக்குப் போக கிட்டாரில் இரண்டு ஃப்ரெட் ஏற வேண்டும். மூன்றிலிருந்து நான்குக்குப் போக ஒரே ஒரு ஃப்ரெட். ஏழிலிருந்து மேல் ஒன்றுக்கும் ஒரே ஃப்ரெட். மற்ற முழுக் கட்டைகளுக்கு நடுவில் எல்லாம் இரண்டு. 'ஒரு கட்டை ஏத்துங்க' என்று பாடகர் சொன்னால் எங்கிருந்து எங்கே என்று பார்த்துத்தான் கையை நகர்த்த வேண்டும்.

சரி, கார்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நாம் கார்டைப் பெயரால் மனப்பாடம் செய்கிறோம்: ஏ, எஃப் ஷார்ப் மைனர், டி, இ. சுருதி மாறினால் நான்கு பெயரும் மாறும். ஆனால் அவற்றுக்குள் இருக்கும் உறவு மாறாது. அந்த உறவைத்தான் மனதில் வைக்க வேண்டும்.

உறவைச் சொல்ல எளிய வழி எண்கள். பாட்டின் ஆதார சுருதியை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ச ரி க ம ப த நி என்று ஏறும்போது ச-வில் பிறக்கும் கார்டு 1, ரி-யில் 2, க-வில் 3, ம-வில் 4, ப-வில் 5, த-வில் 6. சங்கராபரணத்தின் ஸ்வரங்களை, அதாவது மேஜர் ஸ்கேலை, ஒன்று விட்டு ஒன்றாக மூன்று மூன்றாக அடுக்கினால் இந்தக் கார்டுகள் வந்துவிடும். ச-க-ப சேர்ந்தால் 1. ம-த-ச சேர்ந்தால் 4. ப-நி-ரி சேர்ந்தால் 5. இந்த மூன்றும் மேஜர். ரி-ம-த, க-ப-நி, த-ச-க ஆகிய 2, 3, 6 மூன்றும் மைனர். ஏழாவதில் வருவது டிமினிஷ்டு. ஆரம்பத்தில் அது அவ்வளவாகத் தேவைப்படாது.

1-க்கும் 6 மைனருக்கும் ச, க இரண்டும் பொது என்பதைக் கவனியுங்கள். பாட்டில் இவை இரண்டும் ஒன்றின் இடத்தில் ஒன்று வந்தாலும் காது உடனே முகம் சுளிக்காததற்குக் காரணம் அதுதான். எந்தக் கார்டு என்று சந்தேகம் வரும் இடத்தில் முதலில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துப் பதிவுக் கூடங்களில் இதையே ஒரு எழுத்து முறையாக வளர்த்தார்கள். 1950-களின் கடைசியில் ஜோர்டனேர்ஸ் என்ற குரல் குழுவைச் சேர்ந்த நீல் மேத்யூஸ் தன் குழுவுக்காக எண்களில் எழுத ஆரம்பித்தார். பிறகு சார்லி மெக்காய் போன்ற வாத்தியக் கலைஞர்கள் அதைக் கார்டுகளுக்கும் விரித்தார்கள். பாடகருக்கு ஏற்றபடி சுருதியைச் சட்டென்று மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் தாளைத் திருத்தி எழுத நேரம் இருக்காது. எண்ணில் எழுதிவிட்டால் சுருதி மாறினாலும் தாள் மாறாது. நம்முடைய பிரச்சினையும் அச்சு அசல் அதேதான். ஸ்வரம் தெரிந்த நமக்கு இது இன்னும் எளிது.

ஒரு உதாரணத்தைக் கடைசிவரை பார்ப்போம். நீங்கள் எடுத்த பாட்டு ஆறு கட்டையில் இருக்கிறது, அதாவது ஏ. பல்லவி கார்டு ஏ, எஃப் ஷார்ப் மைனர், டி, இ. எண்ணில் 1, 6 மைனர், 4, 5. பாடுபவர் சரணத்தின் உச்ச வரியில் திணறுகிறார். இறக்கி இறக்கிப் பார்த்து நாலரை கட்டையில், எஃப் ஷார்ப்பில், அவருக்கு வசதியாக இருக்கிறது. இப்போது கார்டுகள் எஃப் ஷார்ப், டி ஷார்ப் மைனர், பி, சி ஷார்ப். நான்குமே பார் கார்டு, அதாவது ஒரு விரலைக் குறுக்கே படுக்க வைத்துப் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்திப் பிடிப்பவை (தாளத்தின் பார் வேறு, இது வேறு). முழுப் பாட்டையும் இப்படி வாசித்தால் இரண்டாவது சரணத்துக்குள் இடது கை வலித்துவிடும்.

இங்கேதான் கேப்போ, அதாவது கிட்டாரின் கழுத்தில் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கவ்வி, உதவுகிறது. கேப்போவை ஒரு ஃப்ரெட் மேலே வைத்தால் எல்லாக் கார்டும் ஒரு செமிடோன் ஏறும். டி என்ற வடிவத்தை நான்காம் ஃப்ரெட்டில் கேப்போ வைத்துப் பிடித்தால் ஒலிப்பது எஃப் ஷார்ப். டி-யை 1 என்று வைத்தால் 6 மைனர் பி மைனர், 4 ஜி, 5 ஏ. ஆக, கேப்போ நான்கில். கை பிடிப்பது டி, பி மைனர், ஜி, ஏ. நான்கில் மூன்று திறந்த கார்டு. வேலை முடிந்தது. சி வடிவத்தை ஆறாம் ஃப்ரெட் கேப்போவோடு பிடித்தாலும் அதே சுருதி வரும், ஆனால் எஃப் என்ற பார் கார்டு உள்ளே வரும், ஒலியும் கொஞ்சம் மெலியும். ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேல் கேப்போ போனால் கிட்டார் மாண்டலின் மாதிரி கீச்சென்று ஆகிவிடும். தனிக் கிட்டாராக வாசிக்கும்போது அடியில் கனம் இருக்காது.

பழக வேண்டியது இவ்வளவுதான்: ஜி, சி, டி, ஏ, இ ஆகிய ஐந்து வடிவங்களிலும் 1, 2 மைனர், 4, 5, 6 மைனர் எவை என்பது கேட்டவுடன் கையில் வர வேண்டும். ஜி-யில் ஜி, ஏ மைனர், சி, டி, இ மைனர். சி-யில் சி, டி மைனர், எஃப், ஜி, ஏ மைனர். மற்ற மூன்றையும் நீங்களே எழுதிப் பாருங்கள், எழுதினால்தான் மனதில் நிற்கும்.

மைனர் பாட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. நடபைரவி, கீரவாணி ராகங்களின் சாயலில் உள்ள பாட்டுகள் நம்மிடம் ஏராளம். ஏ மைனரில் ஒரு பாட்டு இருந்தால் ஏ மைனர், எஃப், ஜி என்று போய்க்கொண்டிருக்கும். வரி முடியும் இடத்தில் இ வரும். அது இ மைனரா, இ மேஜரா? புதியவர்கள் தப்பு செய்யும் இடம் இது. மெட்டு ஜி ஷார்ப்பைத் தொட்டு ஏ-வுக்கு ஏறினால், அதாவது காகலி நிஷாதத்திலிருந்து ச-வுக்குப் போனால், அங்கே இ மேஜர்தான். இ மைனரில் ஜி இருக்கிறது, அது பாடகரின் குரலோடு மோதும். காதை நம்பி அந்த ஒரு ஸ்வரத்தைக் கவனித்தால் போதும்.

பாடகரோடு சுருதி முடிவு செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். "உங்க கட்டை என்ன?" என்று கேட்காதீர்கள். கர்நாடக சங்கீதம் கற்றவர் தான் பாடும் சுருதியைச் சொல்வார், ஆனால் திரைப்பாட்டின் உச்சம் எங்கே இருக்கிறது என்பது பாட்டுக்குப் பாட்டு மாறும். பாட்டிலேயே மிக உயரமான வரியை, எழுந்து நின்று, மேடையில் பாடும் அதே குரலில் பாடச் சொல்லுங்கள். அது வசதியாக இருந்தால் அடுத்து மிகத் தாழ்ந்த வரி. இரண்டும் சரியென்றால் அதுதான் சுருதி. காலையில் குரல் தாழ்ந்து இருக்கும். நிகழ்ச்சி மாலையில் என்றால் மாலையில் பார்த்து முடிவு செய்வது நல்லது. ஆண் பாடிய பாட்டைப் பெண் பாடும்போது நாலைந்து செமிடோன் வரைகூட மாற வேண்டியிருக்கும், எதிர்பார்த்தே போங்கள். ஜோடிப் பாட்டுதான் சிரமம்: ஒரே சுருதியில் இருவரும் பாட வேண்டும், ஒருவருக்கு ஏற்றினால் இன்னொருவருக்குத் தொண்டை கிழியும். இருவரையும் உட்கார வைத்து உச்ச வரியைப் பாட வைத்துத்தான் நடுவே ஒரு இடத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

இப்போது அமைப்பையும் எண்களையும் சேர்த்தால் ஒரு பாட்டு அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். இப்படி:

முன்னிசை, 4 பார்: 1, 1, 4, 5
பல்லவி, 8 பார்: 1, 6மை, 4, 5 (இரண்டு முறை)
முதல் பிஜிஎம், 8 பார்: 6மை, 4, 1, 5 (இரண்டு முறை)
சரணம், 16 பார்: 4, 5, 1, 6மை (இரண்டு முறை), பிறகு 4, 4, 2மை, 2மை, 5, 5, 5, 5 — கடைசி பாரில் முழு நிறுத்தம்
பல்லவி, 4 பார் மட்டும்
இரண்டாவது பிஜிஎம்: பதிவில் 16, நாங்கள் 8
சரணம், பல்லவி: முன்போலவே
முடிவு: முதல் வரி மூன்று முறை, கடைசியில் 1-ல் ஒரே அடி

மேலே ஓரத்தில் 'நாலரை, கேப்போ 4, டி வடிவம், 96' என்று எழுதிவிடுங்கள். 96 என்பது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகக் கணக்கு. வரிகளை முழுவதும் எழுதி மேலே கார்டு வைக்கும் பழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல். மேடையில் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதில்லை, ஒரு பார்வையில் முழுப் பாட்டும் தெரியும்.

கார்டு எங்கிருந்து எடுப்பது

இணையத்தில் கிடைக்கும் கார்டுகளைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் யாரோ ஒரு ரசிகர் காதால் கேட்டு எழுதியதுதான். பதிவில் பேஸ் கிட்டார் எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். ஹெட்போன் போட்டால் தெளிவாகக் கேட்கும். பல இடங்களில் பேஸ் ஸ்வரமே கார்டின் பெயரைக் காட்டிக்கொடுத்துவிடும். வேகமான இடங்களை யூடியூபில் 0.75 வேகத்தில் வைத்துக் கேட்டால் சுருதி மாறாமல் வேகம் மட்டும் குறையும்.

பழைய பாட்டு ஒன்றோடு சேர்ந்து வாசிக்கும்போது எந்த ஃப்ரெட்டிலும் சரியாக ஒட்டவில்லை என்றால் உங்கள் காதைச் சந்தேகப்படாதீர்கள். டேப் வேகம் கொஞ்சம் கூடிக் குறைந்ததால் பதிவு இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கலாம். பழகும்போது மட்டும் கிட்டாரைப் பதிவுக்கு ஏற்ப ட்யூன் செய்துகொண்டு, பிறகு ட்யூனர் காட்டும் 440 ஹெர்ட்ஸ் கணக்குக்குத் திரும்பிவிடுங்கள். கூட வாசிக்கும் கீபோர்டு அங்கேதான் இருக்கும்.

நிற்காத வலது கை

கேட்பவர்களில் பெரும்பாலோருக்குத் தப்பான கார்டு தெரியாது. தாளம் நின்றால் எல்லோருக்கும் தெரியும். அதனால் வலது கைக்கு ஒரே சட்டம்: எது நடந்தாலும் நிற்காதே. கார்டு மாற்றம் தாமதமாகிறதா, இடது கையைக் கம்பிகளின் மேல் லேசாக வைத்து 'சக் சக்' என்று அடித்துக்கொண்டே போங்கள். அடுத்த பாரின் முதல் அடியில் சரியான கார்டோடு சேர்ந்துகொள்ளலாம். இதை ஒரு விபத்தின்போது கண்டுபிடிக்கக் கூடாது, வீட்டிலேயே பழக வேண்டும். வேண்டுமென்றே ஒரு கார்டை விட்டுவிட்டு அடுத்ததில் சேருங்கள். கொஞ்ச நாளில் அது உங்கள் இயல்பாகிவிடும்.

நம் பாட்டுகளில் நான்கு எண்ணிக்கையைப் போலவே ஆறு எண்ணிக்கையும் அதிகம். 'சிக்ஸ் எய்ட்' என்பார்கள். 'தகிட தகிட' என்று சொல்லிக்கொண்டு இரண்டு 'த'-விலும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தால் நடை வந்துவிடும். நான்கில் பழகிய ஸ்ட்ரம்மிங்கை இதில் திணித்தால் பாட்டு நொண்டும். எது என்ன நடை என்பதையும் தாளின் ஓரத்தில் எழுதுங்கள்.

மேடையில் பதற்றத்தில் எல்லோருமே வேகமாகத் தொடங்குவார்கள். இதயம் வேகமாக அடிக்கும்போது சரியான வேகம்கூட மெதுவாகத் தோன்றும். 96-ல் தயார் செய்த பாட்டு 110-ல் போனால் பாடகருக்கு மூச்சு விட இடம் இருக்காது. ஒரு வழி இருக்கிறது: எண்ணிக்கை கொடுப்பதற்கு முன் சரணத்தின் மிக நெருக்கமான வரியை, சொற்கள் அடர்ந்து வரும் வரியை, மனதுக்குள் பாடிப் பாருங்கள். அது வாயில் வசதியாக வரும் வேகம்தான் பாட்டின் வேகம். பல்லவியை நினைத்துத் தொடங்கினால் பெரும்பாலும் வேகம் கூடிப்போகும்.

மெட்ரோனோமோடு பழகுகிறவர்கள் எல்லாத் தட்டையும் அதையே அடிக்க விடாதீர்கள். கொஞ்சம் பழகியதும் பாருக்கு ஒரு தட்டு மட்டும் வருமாறு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள மூன்றையும் நாமே காப்பாற்ற வேண்டும். மேடையில் தேவைப்படுவது அந்தத் திறமைதான்.

எந்த இடத்திலிருந்தும் தொடங்குதல்

விரல் பழக்கம் ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடு ஒன்று கோத்தது. ஒரு இணைப்பு கழன்றால் பின்னால் வருவதெல்லாம் நின்றுவிடும். பாதியில் தடுமாறினால் "முதல்ல இருந்து வாசிக்கிறேன்" என்று நாம் சொல்வது இதனால்தான். மேடையில் முதலிலிருந்து தொடங்க முடியாது. ஆகவே பாட்டுக்குள் நுழைய ஐந்தாறு வாசல் வைத்துக்கொள்ள வேண்டும்.

நண்பர் ஒருவரை உட்கார வைத்து, 'ரெண்டாவது சரணம் மூணாவது வரி', 'ஃபர்ஸ்ட் பிஜிஎம்', 'கடைசிப் பல்லவி' என்று ஏதாவது சொல்லச் சொல்லுங்கள். சொன்ன அடுத்த பாரில் அங்கிருந்து வாசிக்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு எடுக்கலாம். ஆரம்பத்தில் கஷ்டமாக இருக்கும். எங்கே திணறுகிறீர்களோ அங்கே விரல் மட்டும்தான் பாட்டைத் தெரிந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று: பாடகர் தவறினால் என்ன செய்வது? அவர் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவலாம், இரண்டாம் சரணத்தின் வார்த்தையை முதலிலேயே பாடிவிடலாம். மேடையில் பாடகர் எங்கே இருக்கிறாரோ அதுதான் பாட்டு. தாளில் என்ன எழுதியிருந்தாலும் நாம் அங்கே போய்ச் சேர வேண்டும். 'நான் சரியாத்தான் வாசிச்சேன், அவர்தான் தப்பா பாடினார்' என்ற நியாயம் கேட்பவர்களுக்கு எட்டாது. இதற்காகவே பாட்டின் வரிகள் நமக்கும் தெரிந்திருக்க வேண்டும், குறைந்தது ஒவ்வொரு வரியின் முதல் சொல்லாவது. கண்ணும் பழக வேண்டும்: தாளையோ ஃப்ரெட்டையோ பார்த்துக்கொண்டே இருந்தால் பாடகர் தலையசைத்து 'இன்னொரு முறை' என்று சொல்வது தெரியாது. பல்லவியாவது ஃப்ரெட்போர்டைப் பார்க்காமல் வாசிக்க வரட்டும்.

நின்று பழகுங்கள், நிகழ்ச்சி நின்றுகொண்டுதான் என்றால். ஸ்ட்ராப் போட்டு நிற்கும்போது கிட்டார் கொஞ்சம் கீழே இறங்கும், மணிக்கட்டின் கோணம் மாறும், உட்கார்ந்து சுலபமாக வந்த பார் கார்டு வராது. கடைசி ஒரு வாரமாவது நின்றே வாசியுங்கள். போனில் முழுப் பாட்டையும் நிறுத்தாமல் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் வாசித்த நினைவு காதை மறைக்கும்.

கம்பி, பேட்டரி, வயர்

இது சின்னச் சின்ன விஷயம்தான், சுருக்கமாகச் சொல்கிறேன். நிகழ்ச்சி அன்று புதுக் கம்பி மாட்ட வேண்டாம். புதுக் கம்பி இழுபட்டு நிலைக்க நேரம் எடுக்கும், அதுவரை சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் முன்பே மாற்றி நன்றாக வாசித்துவிடுங்கள். ஏசி அறையில் ட்யூன் செய்த கிட்டார் வெளியே வெக்கையிலோ மேடை விளக்குகளின் சூட்டிலோ இறங்கும். மேடையில் ஏறிய பிறகு ஒரு முறை ட்யூன் செய்தே ஆக வேண்டும். கேப்போ போட்டால் கம்பி அழுந்திச் சுருதி கொஞ்சம் ஏறலாம், அதனால் கேப்போ போட்ட பிறகும் பாருங்கள். அரங்கச் சத்தத்தில் காதால் ட்யூன் செய்ய முடியாது. தலைப்பகுதியில் கவ்விக்கொள்ளும் ட்யூனர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

பிக்கப் உள்ள அகௌஸ்டிக் கிட்டார்களில் பலவற்றில் உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரி இருக்கும். வயரைச் செருகி வைத்திருக்கும்வரை அது செலவாகிக்கொண்டே இருக்கும், வாசிக்காவிட்டாலும். ஒத்திகை முடிந்ததும் வயரைப் பிடுங்கிவிடுங்கள், பையில் ஒரு புது பேட்டரியும் இருக்கட்டும். மானிட்டர் ஸ்பீக்கரை நோக்கிக் கிட்டாரின் வாயைக் காட்டி நின்றால் 'ஊ' என்று ஃபீட்பேக் எழும். கொஞ்சம் திரும்பி நின்றாலே பெரும்பாலும் அடங்கும். வாய்த் துளையை மூடும் ரப்பர் மூடி கடைகளில் கிடைக்கும், சத்தமான மேடைகளுக்கு அது நல்லது. சவுண்ட் ஆளிடம் ஒலி சரிபார்க்கும்போது மெதுவாகத் தடவிக் காட்டாதீர்கள். பாட்டில் எவ்வளவு பலமாக அடிப்பீர்களோ அவ்வளவு பலமாக அடித்துக் காட்டினால்தான் அவர் அளவு சரியாக வைப்பார்.

எத்தனை பாட்டு, எந்த வரிசை

முதல் மேடைக்கு இரண்டு அல்லது மூன்று பாட்டு போதும். பத்துப் பாட்டு அரைகுறையாகத் தெரிவதைவிட மூன்று பாட்டை எந்த இடத்திலிருந்தும் எடுக்கத் தெரிவது நல்லது. வரிசையைப் போடும்போது கேப்போவையும் கணக்கில் எடுங்கள். கேப்போ நான்கில் ஒரு பாட்டு, இரண்டில் ஒன்று, மறுபடி நான்கில் ஒன்று என்று இருந்தால் ஒவ்வொரு இடைவெளியிலும் கேப்போவை மாற்றி ட்யூன் பார்க்க வேண்டும். நான்கில் உள்ளவை இரண்டையும் சேர்த்து வைத்தால் அந்த வேலை ஒரு முறையாகக் குறையும். பாட்டுக்குப் பாட்டு இடையில் என்ன செய்வோம் என்பதையும் ஒத்திகையில் வாசித்துப் பார்க்க வேண்டும். கேப்போ நகர்த்துவது, ட்யூன் பார்ப்பது, பாடகருக்குச் சுருதி கொடுப்பது எல்லாம் சேர்ந்து அரை நிமிடத்துக்குள் முடிகிறதா என்று பாருங்கள். சுருதி கொடுக்கும்போது 1 கார்டை மட்டும் அடித்தால் சிலருக்குப் பாட்டின் முதல் ஸ்வரம் பிடிபடாது. 1 அடித்துவிட்டு, பாட்டு எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறதோ அதையும் ஒரு கம்பியில் மெதுவாகத் தட்டிக் காட்டுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். மேடையில் உண்மையில் எந்தச் சுருதியில் பாடினார், வேகம் எவ்வளவு போனது, எந்த இடத்தில் இருவரும் பிரிந்தீர்கள் என்பதை அன்றே சிவப்பு மையில் குறித்து, பாடகரின் பெயரையும் தேதியையும் போட்டுக் கோப்பில் வையுங்கள். அடுத்த முறை அதே பாட்டை வேறொருவர் பாட வந்தால் மாற வேண்டியது மேல் ஓரத்தில் உள்ள கட்டையும் கேப்போவும் மட்டும்தான். கீழே உள்ள எண்கள் அப்படியே இருக்கும்.